பிராங்காவுக்கும் இரண்டு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 1951 அக்டோபர் 3 அன்று நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஜயன்ட்ஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும் மோதிய மூன்று ஆட்டத் தொடரின் கடைசி பேஸ்பால் ஆட்டம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நம் பத்திரிகைகளில் பேஸ்பால் எட்டிப் பார்ப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஜயன்ட்ஸ் வீரர் பாபி தாம்சனின் ஹோம் ரன்னை, அதாவது பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிட்ட அடியை, எழுதிய விதமும் அருமை. ஆனால் அந்தப் பந்தை வீசிய டாட்ஜர்ஸ் வீரர் ரால்ஃப் பிராங்காவை ‘கோட்டை விட்டவர்’ என்ற ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அது மனதை உறுத்தியது.

கடைசி இன்னிங்ஸில் 4-1 என்று முன்னிலையில் இருந்த டாட்ஜர்ஸைத் தடுமாற வைத்தது பிராங்கா அல்ல. அவர் உள்ளே வரும்போதே, அதுவரை வீசிக்கொண்டிருந்த டான் நியூகோம்ப் களைத்துப்போய், ஸ்கோர் 4-2 ஆகியிருந்தது. ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நிலைகளான பேஸ்களில், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஜயன்ட்ஸ் ஆட்கள் நின்றார்கள். பிராங்காவின் கையோ, இரண்டு நாளுக்கு முன்புதான் தொடரின் முதல் ஆட்டத்தைத் தொடங்கி வீசிய கை. முதல் பேஸ் காலியாக இருந்ததால் தாம்சனுக்கு அடிக்க முடியாதபடி பந்துகளை விலக்கி வீசி, வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டிருக்கலாம் என்று இன்றும் வாதிடுகிறார்கள். அந்த முடிவு பயிற்சியாளருடையது. அப்படி நடக்கவிட்டிருந்தால் அடுத்து ஆட வேண்டியவர் 20 வயது இளைஞர் வில்லி மேஸ். தாம்சன் அடித்த இரண்டாவது பந்து இடப்பக்க இருக்கைகளில் விழுந்தது, பேஸ்களில் நின்ற இருவரோடு அவரும் ரன் எடுக்க, 5-4 என்று ஜயன்ட்ஸ் வென்றது.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஜூலையிலிருந்தே ஜயன்ட்ஸ் அணி, மைதானத்தின் நடுப்பக்கக் கோடியில் இருந்த தங்கள் அறையிலிருந்து தொலைநோக்கி வைத்து, எதிரணி கேட்சர் (மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) பந்து வீசுபவருக்கு விரலால் காட்டும் சைகையைப் பார்த்து, மின்மணி மூலம் தங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்து வருவது வேகப்பந்தா, வளைபந்தா என்பது ஆடுபவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். 2001-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை விரிவாக வெளியிட்டது, அன்றைய ஜயன்ட்ஸ் வீரர்கள் பலரே ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குறிப்பிட்ட பந்துக்குத் தனக்குத் தகவல் வரவில்லை என்று தாம்சன் மறுத்தார்.

சரி, அதற்காக தாம்சனைத் திருடன் என்று சொல்ல வரவில்லை. முதல் ஆட்டம் டாட்ஜர்ஸின் சொந்த மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில் நடந்தது. அங்கே ஜயன்ட்ஸின் தொலைநோக்கி இல்லை, அங்கேயும் தாம்சன் பிராங்காவின் பந்தில் ஹோம் ரன் அடித்தார். இரண்டாவது ஆட்டமோ போலோ கிரவுண்ட்ஸிலேயே நடந்தது, அதில் ஜயன்ட்ஸ் ஒரு ரன்கூட எடுக்காமல் 10-0 என்று தோற்றது. பந்து எது என்று தெரிந்தாலும் அடிக்க வேண்டியது மட்டைதானே!

என் ஆதங்கம் பிராங்காவைப் பற்றியது. டெட்ராய்ட் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த 1954-இலேயே, உடன் ஆடிய ஒருவர் மூலம் இந்தத் தொலைநோக்கி விவகாரம் அவர் காதுக்கு வந்துவிட்டது. அதை வெளியில் சொல்லியிருந்தால் பழியில் பாதி இறங்கியிருக்கும். ஆனாலும் பல பத்தாண்டுகள் பொதுவில் வாய் திறக்கவில்லை. தாம்சனோடு நட்பாகி, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். ஷார்ஜாவில் 1986-இல் மியான்தாத் அடித்த கடைசிப் பந்து சிக்ஸருக்காக சேத்தன் சர்மாவை நாம் எத்தனை வருடம் குத்திக்காட்டினோம் என்று நினைத்தால், பிராங்கா சுமந்த பாரம் புரியும்.

இன்னொன்றும் உண்டு. 1947-இல் ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்தபோது, கறுப்பர் ஒருவரோடு ஆட மாட்டோம் என்று சக வீரர்கள் சிலர் முறுக்கிக்கொண்டார்கள். பிராங்கா அந்தப் பக்கம் சேரவில்லை, தொடக்க நாள் அணிவகுப்பில் ராபின்சனின் பக்கத்தில் நின்றார். அப்போது அவருக்கு வயது 21. அந்த ஆண்டு பந்து வீசுபவராக அவர் பெயரில் பதிவான வெற்றிகளும் 21.

இந்தக் கட்டுரைத் தொடரைப் புத்தகமாகக் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் 1947-ஐயும் 1954-ஐயும் பற்றி இரண்டு வரி சேர்த்து, அந்த ஒற்றை வார்த்தையை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கோவை