தம்பிக்கு, ஹீட்டர் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவிடம் நீ சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை வெட்டுகிற ட்ரிப் சுவிச், அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினாயாம், டக்கென்று விழுந்ததாம், அப்பாவைச் சும்மா பயப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாயாம். அழுத்திப் பார்த்தாயே, அதுவரைக்கும் சந்தோஷம், பாதிப் பேருக்கு அப்படி ஒரு பட்டன் எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் அதை வைத்து எல்லாம் சரி என்று முடிவெடுத்தாய் பார், அதுதான் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் பண்ணுகிறது.

அந்தப் பட்டன் ட்ரிப் சுவிச்சை மட்டும்தான் சோதிக்கும். உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டை வேண்டுமென்றே திருப்பி விட்டு, போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமில்லை என்று சுவிச்சுக்குக் காட்டுகிறது, அது விழுகிறது, அவ்வளவுதான். கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் வயருக்கும் அந்தச் சோதனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் பட்டனை அழுத்தினால் விழும். நீ கம்ப்யூட்டர் படித்தவன், ஒரு தரம் சொன்னால் புரிந்துகொள்வாய்.

மருமகள் பிள்ளை அம்மாவிடம் சொன்னது இதுதானே: குளிக்கும்போது ஷவர் பைப்பில் கை பட்டால் லேசாக விறுவிறுக்கிறது. அதை நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சொன்னீர்களாம். ஒன்றிரண்டு மில்லிஆம்ப் உடம்பில் ஓடினாலே அந்த விறுவிறுப்பு தெரியும். ட்ரிப் சுவிச் விழுவதற்கு 30 மில்லிஆம்ப் பக்கம் கசிய வேண்டும். எர்த் ஒழுங்காக இருந்தால் ஹீட்டரில் கசிகிற கரண்ட் அந்த வயர் வழியாகப் போய்விடும், கூடிப்போனால் நீங்கள் குளியலறைக்குள் போகுமுன்பே சுவிச் விழுந்திருக்கும். விறுவிறுக்கிறது என்றால் எர்த் வேலை செய்யவில்லை, கரண்ட் ஒரு வழி கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறது. பைப்பைத் தொடுகிற ஆள்தான் அந்த வழி. ஈரத் தோலில் அது இன்னும் லேசாகப் போகும்.

ஆகவே ஹீட்டரைப் போடாதீர்கள். இது ஒன்றுக்கு மட்டும் என் பேச்சைக் கேள். சின்னவளுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் கேஸ் அடுப்பில் காய வையுங்கள்.

நீங்கள் வாடகைக்கு எடுத்த அந்த அனெக்ஸைப் பார்க்க நான் வரவில்லை, நீ கூப்பிடவும் இல்லை, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதுமில்லை. அம்மா கொண்டுவந்த படங்களைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து வயரை இழுத்து இடையில் ஒரு சப் மீட்டர் போட்டுத் தந்திருக்கிறார் போலிருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் கரண்ட் வருகிற லைவும் திரும்பிப் போகிற நியூட்ரலும் வரும், எர்த் வராது, வயர் மிச்சம் பிடிக்கிறார்கள். வந்திருந்தாலும் உங்கள் ஒழுங்கை கடலுக்கு எவ்வளவு கிட்ட. உப்புக் காற்றில் மண்ணில் அடித்த எர்த் ரொட் கம்பியின் கிளாம்ப் பச்சை பூத்து, வயர் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும், கையால் ஆட்டினால் கழன்று வரும். தெஹிவளைப் பக்கம் எத்தனை வீட்டில் அதைச் சுரண்டித் துடைத்திருக்கிறேன் தெரியுமா. கொட்டாஞ்சேனை வீட்டில் நடந்ததும் இதனால்தான், உனக்குத் தெரியும்.

அந்த ஹீட்டர் 3500 வாட்டுக்குக் குறையாது. 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 15 ஆம்புக்கு மேல் இழுக்கும். 13 ஆம்ப் ப்ளக் பொயின்ட்டில் அதைக் குத்த முடியாது, குத்தவும் கூடாது. பிரேக்கர்கள் இருக்கிற டிபி பெட்டியிலிருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீட்டர், கடையில் 7/0.85 என்று கேட்டால் தருவார்கள், இலங்கைத் தரச் சான்றான எஸ்எல்எஸ் முத்திரை இருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும். அதற்குத் தனி பிரேக்கர், குளியலறைக்கு வெளியே லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற டபுள் போல் சுவிச். படத்தில் கதவுக்கு மேலே தெரிகிறது சாதாரண லைட் சுவிச் மாதிரி இருக்கிறது. அதை யார் போட்டார்கள்?

இன்னொரு படத்தில் சமையலறை. கேத்தல், ரைஸ் குக்கர், மிக்சி மூன்றும் ஒரே மல்டி பிளக்கில். சுவரில் உள்ள ப்ளக் பொயின்ட்டின் வலது ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறது, நல்லாகப் பெரிதாக்கிப் பார், டீக்கறை என்று நினைக்காதே. அது லைவ் பக்கம். உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து சூடேறுகிறது. கேத்தல் கொதிக்கும்போது அந்த இடத்தில் கருவாடு வறுக்கிற மாதிரி ஒரு வாடை வருகிறதா என்று பிள்ளையிடம் கேள். வந்தால் அந்தப் பொயின்ட்டை இன்றைக்கே விடு. ட்ரிப் சுவிச் இதற்கெல்லாம் விழாது, பிரேக்கரும் விழாது, ஓவர்லோடோ ஷார்ட்டோ ஆனால்தானே பிரேக்கர் விழும், தளர்ந்த ஸ்க்ரூவுக்கு யார் விழுவார்கள்.

அப்புறம் அந்தப் பேனா விளையாட்டு. இரண்டு முள் சார்ஜரைப் போட, மேலே உள்ள எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்திக் கீழ் ஓட்டைகளின் மூடியைத் திறக்கிறாயே, இங்கே இருக்கும்போதும் செய்தாய், நான் ஏசினேன். இப்போது சின்னவள் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். நீ செய்வதை எல்லாம் செய்கிற வயசு. மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியாது. அடாப்டர் ஒன்று வாங்க முடியாத சம்பளமா உனக்கு? போன மாதம் சம்பளம் கூடியதை நீ சொல்லவில்லை, சின்ன மாமா சொன்னார், நான் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். சந்தோஷம்தான்.

எர்த்தை எப்படிச் சோதிப்பது என்று கேட்பாய். நீயாகச் செய்யாதே. டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் லைவ் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும், எர்த் நல்லதா என்று காட்டாது, சில நேரம் லைவ் இருந்தும் எரியாது. லைவிலிருந்து எர்த்துக்கு பல்பைப் பிடித்துப் பார்ப்பது பழைய பாஸ்மாரின் பழக்கம், அதையும் செய்யாதே. முறைப்படி என்றால் மெயினை நிறுத்தி, சாமான்களைக் கழற்றிவிட்டு, வயர் உறையின் தடையை அளக்கிற 500 வோல்ட் மெகர் மீட்டரைப் போட்டுப் பார்க்க வேண்டும், 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் எங்கேயோ கசிவு. எர்த்துக்குத் தனி மீட்டர். லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேள், வாடகை வாங்குகிறவர் செய்யத்தான் வேண்டும். இல்லாவிட்டால் என் மெகர் இன்னும் அலுமாரியில் இருக்கிறது, இரண்டு மணித்தியால வேலை, டீ கூட வேண்டாம், நீ வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாலும் சரி.

அம்மாவின் முழங்கால் அப்படியேதான்.

இன்றைக்கு ஹீட்டரின் பிரேக்கரை ஓஃப் பண்ணி வை. சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது. மூடியைக் கழற்றாதே. டிபி பெட்டியைக் கிட்ட நின்று ஒரு படம் எடு, ட்ரிப் சுவிச்சில் 30 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா தெரிய வேண்டும், 100 என்றால் அது ஆளைக் காப்பாற்றுகிற சுவிச் இல்லை. படத்தை என் நம்பருக்கு அனுப்பு. அம்மாவின் போனில் எழுத்துத் தெளிவாகத் தெரிவதில்லை.

அப்பா