பரணில் கிடக்கும் புராஜெக்ட்டுகளும் வேலை கேட்கும் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி முடிக்கும் பிள்ளைகளுக்காக நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் ரெஸ்யூம் தயாரிக்கும் முறை, நேர்காணலில் உட்காரும் முறை எல்லாம் வருகின்றன. எழுத்து வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது அரைக்கிணறு தாண்டிய கதைதான். கன்டென்ட் ரைட்டிங், மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், விளம்பர வாசகம் என எதற்குப் போனாலும் முதலில் வரும் கேள்வி, "சாம்பிள் இருக்கிறதா?" உதகையிலும் குன்னூரிலும் கூடலூரிலும் படிக்கிற பிள்ளைகளிடம் சாம்பிள் இல்லாமல் இல்லை. மூன்று வருட அசைன்மென்ட், ஆண்டு மலரில் வந்த கட்டுரை, தெரிந்தவர் ஹோம்ஸ்டேவுக்கு எழுதிக் கொடுத்த அறிமுகம், தேயிலைத் தூள் கடைக்குப் போட்ட நோட்டீஸ் என்று நிறையவே இருக்கின்றன. அவற்றில் நல்லதைப் பொறுக்கி ஒரு மாதிரித் தொகுப்பாக (போர்ட்ஃபோலியோ) ஆக்காமல், அப்படியே மூட்டை கட்டி அனுப்புவதில்தான் காரியம் கெடுகிறது.

ஐம்பது பக்க புராஜெக்ட்டை யாரும் படிக்க மாட்டார்கள். அதிலிருந்து 600 சொல்லில் ஒரு கட்டுரையை வெட்டி எடுக்க வேண்டும். நன்றியுரை, முன்னுரை, ஆய்வின் நோக்கம், ஆய்வு நெறிமுறை நான்கையும் தூக்கிப் போட்டுவிட்டு நடுவிலிருந்து ஆரம்பிப்பதுதான் வெட்டுவது. மலை ரயிலைப் பற்றிய புராஜெக்ட் ஒன்று பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "மலைகளின் ராணி என்று அழைக்கப்படும் நீலகிரி, இயற்கை எழில் கொஞ்சும் மாவட்டமாகும்." இந்த வரியைப் பார்த்ததுமே படிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். அதே புராஜெக்ட்டின் இருபதாம் பக்கத்தில் புதைந்து கிடப்பதை மேலே கொண்டுவந்தால்: "கல்லாறைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்வரிசை தொடங்குகிறது. குன்னூர் வரை எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. கடுமையான இடங்களில் 12 அடி ஓடினால் ஓர் அடி ஏறுகிறது." குன்னூர் வரை 1899, உதகை வரை 1908, யுனெஸ்கோ பட்டியலில் 2005 என்ற ஆண்டுகளுக்கு மூன்றாம் பத்தியில் ஒரு வரி போதும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. புராஜெக்ட்டில் பாதி வரிகள் எங்கிருந்தோ எடுத்தவை என்பது எழுதியவருக்கே மறந்து போயிருக்கும். பார்ப்பவர் ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அரை நிமிடத்தில் மூலம் வந்து நிற்கும். அந்த வேலையை மாணவரே முன்கூட்டிச் செய்துவிட வேண்டும், பத்திக்கு ஒரு வாக்கியம் வீதம். ஐந்து பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் என்றால் தான் எழுதிய அத்தியாயத்தை மட்டும் வைத்து, மற்றவை யார் செய்தது என்பதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பழைய வடிவங்கள் அதிலேயே இருக்கும், அழிக்க வேண்டாம். 'இது ஏஐ எழுதியதா?' என்று கேட்கும் காலத்தில் கைவசம் இருக்கிற நல்ல சாட்சி அதுதான்.

தொகுப்பில் ஆறிலிருந்து எட்டு மாதிரிகள், 15 பக்கத்துக்குள் இருந்தால் போதும். ஒவ்வொன்றின் தலையிலும் நாலு வரிக் குறிப்பு அவசியம். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். உதாரணத்துக்கு: "யாருக்கு: கோத்தகிரி பக்கம் ஆறு அறை ஹோம்ஸ்டே. கேட்டது: முன்பதிவு செய்தவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்ப 120 சொல்; இ-பாஸ், பிளாஸ்டிக் பாட்டில் தடை, ராத்திரிக் குளிர் மூன்றும் வர வேண்டும். என் பங்கு: தமிழும் ஆங்கிலமும். திருத்தம்: இருமுறை; நீளத்தைக் குறைக்கச் சொன்னார்கள்." வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர வாங்க வேண்டிய இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எழுதிய குறிப்பென்றால் புதுப்பித்துவிட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தேதியாவது போட வேண்டும். 'என் எழுத்தால் புக்கிங் 40 சதவீதம் கூடியது' என்று மட்டும் எழுத வேண்டாம். கணக்குப் புத்தகம் கிளையன்ட்டிடம் இருக்கிறது. கேட்டால் காட்ட முடியாது.

காசு வாங்கி எழுதியதை எல்லாம் காட்டலாமா என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957 இதில் தெளிவாகவே இருக்கிறது. சம்பள வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்குச் சேரும். ஃப்ரீலான்ஸாக எழுதியது எழுதியவருக்கு. எழுத்து மூலம் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் கிளையன்ட்டுக்குப் போகும். அப்படி மாற்றிக் கொடுத்த பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். முழுதாக எழுதிக் கொடுத்த பிறகும், எழுதியது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவின்படி எழுதியவரிடமே நிற்கிறது. ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் அதில் உள்ளபடிதான் நடக்க வேண்டும்.

சட்டம் இடம் கொடுத்தாலும் மலையில் ஊர் சிறியது. நாளைக்கு மார்க்கெட்டில் அதே முதலாளியின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். பில் அனுப்பும் அன்றே ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போட்டுவிடுவது நல்லது: "சார், நான் எழுதிய இந்த மூன்று பக்கத்தையும் உங்கள் விடுதியின் பெயரோடு என் மாதிரிகளில் காட்டிக்கொள்ளலாமா? வாடகை விவரத்தை எடுத்துவிடுகிறேன்." வரும் பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் முடிந்தது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் மேனேஜர் மாறியிருப்பார். ஏப்ரல், மே சீசனில் கேட்டாலோ போனையே எடுக்க மாட்டார்கள். மறுத்துவிட்டால் பெயரை எடுத்துவிட்டு 'மலைப்பகுதி விடுதி ஒன்று' என்று போடலாம். ஃப்ரீலான்ஸ் வேலையே கிடைக்காதவர்கள் கற்பனைக் கடைக்கு நோட்டீஸ் எழுதி வைப்பதிலும் தப்பில்லை, 'பயிற்சிக்காக எழுதியது' என்று மேலே போட்டிருக்கும் வரை.

மொழிபெயர்ப்பு மாதிரியை மூலத்தோடு பக்கத்தில் பக்கமாக வைக்க வேண்டும். தமிழ் மட்டும் இருந்தால் எதை எடைபோடுவது? தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதானால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களிலிருந்து ஒரு பக்கம் எடுத்துக்கொண்டால் உரிமைத் தொல்லை இல்லை. வீட்டில் படுகு (படுகர்களின் தாய்மொழி), பள்ளியில் தமிழ், கூடலூர்ப் பக்கமானால் மலையாளமும் என்று வளரும் பிள்ளைகள் அதை ரெஸ்யூமின் கடைசி வரியில் ஒளித்து வைக்கிறார்கள். அது முதல் பக்கத்துக்கு வர வேண்டிய சங்கதி.

கடைசியில் கோப்பு. தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது. அச்சகத்தில் பழைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்த ஆண்டு மலரின் பிடிஎஃப் பார்க்க நன்றாக இருக்கும். அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். தேடினாலும் ஒரு சொல் அகப்படாது. எந்தக் கணினியிலும் போனிலும் படிக்க வரும் யூனிகோடில் திரும்ப அடித்துவிடுவதே நல்லது. எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டால் ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். வேர்டு கோப்பை அப்படியே அனுப்பினால் எதிர்ப்பக்கக் கணினியில் எழுத்துரு இல்லாமல் பக்கம் கலைந்துவிடும், எனவே எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப். அளவு 5 எம்பிக்குள் இருந்தால் மழை நாளில் சிக்னல் இழுக்கும்போதும் போய்ச் சேரும். அனுப்பும் முன் போனில் ஒருமுறை திறந்து பார்ப்பதும் அவசியம். செய்தித்தாள் போலப் பக்கவாட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கம் போனில் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும்.

அச்சில் வந்த பிரதிகளை மலை ஈரம் சும்மா விடாது. இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஜெராக்ஸ் கடையில் 300 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து, இதழின் பெயரும் தேதியும் உள்ள முகப்பையும் சேர்த்து வைக்க வேண்டும். இணையத்தில் வந்ததற்கு லிங்க்கை மட்டும் நம்பக் கூடாது. விடுதி தளத்தைப் புதுப்பித்தால் பக்கம் காணாமல் போகும். இணையப் பக்கங்களின் பழைய பிரதியைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிட்டு, பக்கத்தையும் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். கல்லூரி தந்த மின்னஞ்சலில் உள்ள டிரைவில் எதையும் விட்டு வைக்க வேண்டாம். படிப்பு முடிந்து கணக்கை மூடினால் எல்லாம் போச்சு. டிரைவ் லிங்க் அனுப்புபவர்கள், 'லிங்க் உள்ளவர் யாரும் பார்க்கலாம்' என்று மாற்றினார்களா என்பதை வேறொருவர் போனில் திறந்து பார்க்கட்டும். அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிற லிங்க்கை வேலை தருபவர் இரண்டாம் முறை திறப்பதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பக்கங்களில் மாணவர்கள் அனுப்பும் சிறு செய்திகளும் குறிப்புகளும் பெரும்பாலும் பெயரில்லாமல் வெளியாகின்றன. இ-பேப்பர் பக்கமும் சில நாளில் சந்தாவுக்குப் பின்னால் போய்விடுகிறது. எழுதியவரின் பெயரையும் ஊரையும் கீழே ஒரு வரி போட்டு, அந்தப் பக்கத்தின் பிடிஎஃப்பை அவருக்கு அனுப்பி வைத்தால் அவர் தொகுப்பில் வைக்க ஒரு பக்கம் கிடைக்கும். உங்களுக்கு அரை செ.மீ. இடம்தான் செலவு.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும் செய்யும் இருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்