அருகாமை பற்றி முத்துவுக்கு

அன்புள்ள முத்து,

உன் மகளின் திருமணம் முடிந்து நான்கு மாதங்கள் ஆகியும் நான் ஒரு வரி எழுதவில்லை. மணமக்கள் நலம் என்று தங்கை சொன்னாள், மகிழ்ச்சி. இங்கும் அனைவரும் நலம்.

எழுதாததன் காரணம் உனக்குத் தெரியும். அழைப்பிதழில் நீ ‘கோயிலுக்கு அருகாமையில்’ என்று எழுதியிருந்ததை மெய்ப்புப் பார்க்கையில் உன்னைக் கேளாமலே ‘அருகில்’ என்று திருத்தினேன். அத்தோடு நில்லாமல், அருகாமை என்றால் தொலைவு என்று உன் சம்பந்தியின் முன்னிலையிலேயே விளக்கவும் செய்தேன். குறளின் அதிகாரத் தலைப்புகளான கல்லாமை, கொல்லாமை, கள்ளாமை ஆகியவற்றில் எதிர்மறை இருப்பதுபோல அருகாமையிலும் இருக்கிறது என்பது நம் புலவர் ஐயா கற்பித்த பாடம். நாற்பது ஆண்டுகளாக அதை நான் ஐயுற்றதே இல்லை.

சென்ற வாரம் வகுப்பில் ‘அருகிவரும் பறவைகள்’ என்ற தொடர் வந்தது. “நம் ஊரை நெருங்கி வரும் பறவைகளா, ஐயா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அருகுதல் என்றால் குறைதல் என்று விளக்கிக்கொண்டிருந்தபோதே என் வாதம் ஆட்டம் கண்டது. எதிர்மறைத் தொழிற்பெயர் வினையிலிருந்துதான் பிறக்கும். பக்கம் என்று பொருள்படும் ‘அருகு’ பெயர்ச்சொல். வினையாகிய அருகுதலை இன்று நாம் அறிந்த பொருளில் கொண்டால் அருகாமை குறையாமை ஆகுமே தவிர, தொலைவு ஆகாது. இலக்கணத்தின் பெயரால் நான் உனக்குச் சொன்ன பொருளில் அச்சொல்லை எவரும் பேசி நான் கேட்டதும் இல்லை.

அன்று நீ ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற நன்னூல் நூற்பாவைச் சொன்னாய். பிழைகள் எல்லாம் ஒதுங்கும் நிழல் அதுதான் என்று நான் சீறினேன். அது தவறு, முத்து. மொட்டுக்குள் அடங்கிய மணத்தை வள்ளுவர் ‘நாற்றம்’ என்கிறார் (குறள் 1274). அவரைப் பின்பற்றி மல்லிகை நாறுகிறது என்று நான் வீட்டில் சொல்வதில்லை. அந்தச் சொல்லில் வழக்குக்குப் பணிந்த நான், உன் சொல்லில் மட்டும் பணிய மறுத்தது நேர்மை அன்று. நீ எழுதியது பிழை இல்லை. ‘அருகில்’ போதும்போது நீண்ட சொல் எதற்கு என்ற எண்ணம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் அது என் விருப்பம் மட்டுமே, உன்னைத் திருத்துவதற்கான உரிமை அன்று. சம்பந்தியிடம் இதை நீயே சொல்லிவிடு; இல்லையேல் அவருக்கும் தனியாக எழுதுகிறேன்.

புதுமனை புகுவிழா தை மாதம் என்று அறிந்தேன். அழைப்பிதழை எனக்கு அனுப்பு. அருகாமையில் கைவைக்க மாட்டேன். ‘முயற்சித்தோம்’ என்று எங்கேனும் எழுதியிருந்தால் மட்டும் ‘முயன்றோம்’ என்று மாற்றும்படி உன்னைக் கேட்பேன். முயல் என்ற வினையிலிருந்து பிறந்த முயற்சியை மறுபடியும் வினையாக்குவதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. அதற்கும் உன்னிடம் மறுப்பு இருந்தால் விரிவாக எழுது.

அன்புடன்,
இராமு