கச்சால் தீவின் குடிநீர், கழிப்பிட நிலையை மழைக்கு முன் ஆய்வு செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்,
நிவாரண முகாம், கச்சால் தீவு.

பெறுநர்:
உயர்திரு துணை ஆணையர் அவர்கள்,
நிகோபார் மாவட்டம், கார் நிகோபார்.

நாள்: மார்ச் 2005

பொருள்: குடிநீர், கழிப்பிடத் தேவைகளை நேரில் கணக்கெடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்து, இந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் நாங்கள். டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மேட்டுப் பக்கம் கூடாரங்களில் இருக்கிறோம். அரிசி, பருப்பு கப்பலில் வருகிறது, அதில் குறையில்லை. தண்ணீரும் கக்கூசும்தான் பிரச்சினை.

இதுவரை வந்தவர்கள் தலைகளை எண்ணி, அதற்கேற்ப பாட்டில் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் எழுதிக்கொண்டு போனார்கள். கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பவுடர் கிருமியைக் கொல்லும், சரி. உப்பை என்ன செய்யும்? நிலநடுக்கத்தில் தீவே தாழ்ந்துவிட்டதால், முன்பு காய்ந்து கிடந்த இடங்களில் இப்போது ஓதம் (கடல் ஏற்றநீர்) ஏறி நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்துக் கிணற்றை மோட்டார் வைத்து வேகமாக இறைத்தால் கடல்நீர்தான் இன்னும் உள்ளே வரும். ஆகவே ஒவ்வொரு கிணற்றிலும் ஊற்றிலும் உப்பின் அளவைக் கருவி கொண்டு பார்த்து, எதைச் சுத்தம் செய்யலாம், எதைக் கைவிடலாம் என்று சொல்ல வேண்டுகிறோம். ஓதம் ஏறிய நேரத்தில் ஒரு தடவை, வற்றிய நேரத்தில் ஒரு தடவை பார்த்தால்தான் நிலை சரியாகத் தெரியும்.

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது நிவாரணப் பணிக்கு உலக அளவில் வைத்திருக்கும் ஸ்பியர் அளவுகோல். கழிவுக் குழி கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் முகாமை இந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்கள் விடியுமுன் காட்டுப் பக்கம் போகிறார்கள்; இருட்டில் பாம்புப் பயம் வேறு. கணக்கெடுக்கும் குழுவில் பெண் ஊழியர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆண்களிடம் இதையெல்லாம் எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும். தண்ணீர்த் தட்டுப்பாடு அப்போது குறையும் என்றாலும் குழிகள் நிரம்பி வழியும், அப்புறம் வயிற்றுப்போக்கு வரும். கொசு பெருகினால் இந்தத் தீவுகளில் மலேரியா சும்மா விடாது. தகரக் கொட்டகைகள் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டோம். கட்டும்போதே கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் காடியும், கீழே மூடியுள்ள தொட்டியும் வைத்துவிட்டால் செலவு அதிகமாகாது. 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே ஏறக்குறைய 200 லிட்டர் கிடைக்கும். மழை கொட்டும் தீவுக்குக் கப்பலில் தண்ணீர் கொண்டு வருவது எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. நிகோபாரி மக்களின் ஊர்களையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். தீவில் அதிகம் இழந்தவர்கள் அவர்கள்தான். எந்த ஓடையில் கோடையிலும் நல்ல தண்ணீர் ஓடும் என்பது கேப்டன் என்று அழைக்கப்படும் அவர்களுடைய ஊர்த் தலைவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் குழி தோண்டவோ குழாய் பதிக்கவோ இடம் குறிக்க வேண்டாம்.

குழு வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், கிணறுகளுக்கு வழிகாட்ட எங்கள் ஆட்கள் கரையில் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
முகாம் குடும்பங்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைப்பில்)