கோமேதகம் விற்கும் நகைக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாதம் அம்மாவின் மோதிரத்திலிருந்து கோமேதகம் கழன்று விழுந்தது. திருப்பிப் பதிக்கக் கொடுக்கும் முன் 10 மடங்கு லென்ஸில் பார்த்தேன், உள்ளே உருண்டையாக இரண்டு காற்றுக் குமிழ்கள். வெறும் கண்ணாடி! விற்றவர் பெயரை எழுதப் போவதில்லை, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கோமேதகமும் கார்னெட் என்ற கனிமக் குடும்பத்துக் கல்தான். கார்னெட் என்றால் சிவப்பு என்றே பழகிவிட்டோம், நம் தென்கடலோரச் செம்மணலில் கிடப்பதும் அந்தச் சிவப்புதான். ஆனால் குரோசுலார் என்ற வகை இலங்கையில் தேன் நிறத்தில் கோமேதகமாகக் கிடைக்கிறது, அதே வகை கென்யாவில் வனேடியம் என்ற உலோகம் கலந்து நல்ல பச்சையாக வருகிறது. அதனால் நிறத்தை மட்டும் பார்த்து "இது கோமேதகம்தான்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

லென்ஸில் உள்ளே பாருங்கள். வெந்நீரில் சர்க்கரைப் பாகை ஊற்றினால் கரைவதற்கு முன் நெளிநெளியாக ஓடுமே, பெரும்பாலான கோமேதகங்களுக்குள் அப்படியே ஒரு கலங்கல் தெரியும், இது கோமேதகத்தின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. ஜிர்கான் என்ற வேறொரு இயற்கைக் கல் அதே தேன் நிறத்தில் வந்து ஏமாற்றும். கல்லைத் திருப்பித் திருப்பி மேலிருந்து பாருங்கள், பின்பக்கப் பட்டைகளின் ஓரக்கோடு இரண்டிரண்டாகத் தெரிந்தால் ஜிர்கான், கார்னெட்டில் ஒற்றைக் கோடுதான்.

சந்தேகம் தீராவிட்டால் எடை இருக்கிறது. பதிக்காத கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். 5 காரட் (1 கிராம்) கோமேதகம் ஏறக்குறைய 1.4 காரட் குறையும், ஜிர்கான் 1.1 தான் குறையும், சாதாரணக் கண்ணாடி 2 வரை போகும். செயற்கையான க்யூபிக் ஜிர்கோனியாவில் கோடு இரட்டிக்காது, ஆனால் அது இன்னும் கனம், 0.9 கூடக் குறையாது. தராசு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு டம்ளர் தண்ணீர்தான் கூடுதல்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான்: பதிக்கும் முன் வாங்குபவர் கண்ணெதிரே இதைச் செய்து காட்டுங்கள், அவர் கையிலும் லென்ஸைக் கொடுங்கள், அப்புறம் பில்லில் வெறும் "கல்" என்று போடாமல் "இயற்கைக் கோமேதகம், குரோசுலார் கார்னெட்" என்று எழுதுங்கள். அம்மாவின் மோதிரம் இன்னும் கல் இல்லாமல்தான் இருக்கிறது, இப்படிக் காட்டித் தரும் கடையில்தான் வாங்கிப் பதிப்பேன்.