காதை நீவிவிடுவது இளைப்பாறலுக்கே, நோய் தீர்க்க அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காது மடலை நீவிவிட்டால் மன இறுக்கம் தளரும் என்ற சிறு குறிப்பு ஒன்று சென்ற வாரம் தங்கள் நாளிதழின் உடல்நலப் பகுதியில் வெளியாகியிருந்தது. வேலூரில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிவிட்டு இப்போது காட்பாடியில் ஓய்வில் இருக்கும் எனக்கு அதைப் படித்ததில் மகிழ்ச்சியே. ஆனால் உடன் அச்சாகியிருந்த படத்தில் ஓர் அம்புக்குறி காதுத் துளைக்குள் நுழைவதுபோல் வரையப்பட்டிருந்ததும், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இதனால் கட்டுப்படும் என்று கடைசி வரியில் சேர்க்கப்பட்டிருந்ததும் என்னை இக்கடிதம் எழுத வைத்தன.

வேலூருக்கு வைத்தியத்துக்காக வருகிறவர்கள் நம் மாவட்டத்தார் மட்டும் அல்லர். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நீண்ட ரயில் பயணம் செய்து, காட்பாடி சந்திப்பில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, லாட்ஜில் ஓர் அறை பிடித்து மாதக்கணக்கில் தங்குகிற குடும்பங்களை இவ்வூரில் தினமும் பார்க்கலாம். நோயாளிக்குக் கட்டில் கிடைத்துவிடும். துணைக்கு வந்தவருக்கு ஒரு பாயும் சுவரோரமும்தான். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது என்று அவர்கள் சைகையால் சொல்வதைக் கேட்டே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. மகனை அறுவை அரங்குக்குள் அனுப்பிவிட்டுக் கைகள் நடுங்க வெளியே உட்கார்ந்திருந்த ஒரு தாயை என்னால் மறக்க முடியவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் காது மடலை நான் மெல்ல நீவிக் காட்டினேன். அவரும் அப்படியே செய்தார். சில நிமிடங்களில் அவருடைய தோள்கள் தளர்ந்து இறங்கின, ஒரு கொட்டாவி வந்தது, பிறகு சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். அதில் காதைத் தொட்டதற்கு ஒரு பங்கு என்றால், பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததற்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இதற்கு உடற்கூற்றில் அடிப்படை இல்லாமல் இல்லை. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் பத்தாவதான வேகஸ் நரம்பு, தொண்டை, இதயம், நுரையீரல், இரைப்பை என்று நெடுந்தூரம் இறங்கிச் செல்வது. பதற்றத்தில் விரைவுபடும் இதயத் துடிப்பைத் தணித்து உடலை ஓய்வுக்குத் திருப்புகிற எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் முதன்மையான பாதை அது. அந்நரம்பின் ஒரு சிறு கிளை காதுக் குழிவிலும், காதுத் துளையின் பின்சுவரிலும் தோலுக்கு வந்து சேர்கிறது. காதைக் குடையும்போது சிலருக்குக் காரணமின்றி இருமல் வருவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அதற்குக் காரணம் இக்கிளைதான். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் ஃபிரீட்ரிக் அர்னால்டின் பெயரால் இதை அர்னால்டு நரம்பு என்றும் அழைக்கிறார்கள். ஆனால் காது முழுவதும் இந்த நரம்புக்கு உரியதன்று. கம்மல் தொங்கும் சோணைக்கு உணர்ச்சி தருவது கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வரும் வேறொரு நரம்பு. ஆகவே பிள்ளையார் முன்னால் சோணையைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடும்போது வேகஸ் நரம்பு தூண்டப்படுகிறது என்று சொல்வது சரியன்று. உட்கார்ந்து எழுவதால் கால் தசைகளுக்குக் கிடைக்கும் பயிற்சி தனி நன்மை.

நரம்பின் இருப்பிடத்தைவிட முக்கியமானது தொடுகிற வேகம் என்பது என் துணிபு. மெல்லிய வருடலை உணர்வதற்கென்றே நம் தோலில் தனி நரம்பிழைகள் இருப்பதையும், ஒரு நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வரையிலான வேகத்தில் வருடும்போதே அவை நன்றாக விழித்துக்கொள்வதையும் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். வளர்ந்த ஒருவரின் காது மடல் ஏறக்குறைய 6 செ.மீ. உயரம் இருக்கும், சோணையிலிருந்து உச்சிக்கு விரல் போய்ச்சேர 2 அல்லது 3 நொடி எடுத்துக்கொண்டால் இந்த வேகத்துக்குள் அடங்கும் என்று கணக்கிடலாம். சூடு பறக்கத் தேய்ப்பதும், சிவக்கும்வரை இழுப்பதும் இதற்கு நேர்மாறானவை.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான். கையைக் கழுவிக்கொண்டு, கம்மல், ஜிமிக்கி, கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, முதுகு சாய்ந்து உட்கார வேண்டும். கட்டைவிரல் மடலின் பின்புறமும் ஆட்காட்டி விரல் முன்புறமும் இருக்க, பழுத்த சீதாப்பழத்தைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு மட்டும் அழுத்தி, சோணையில் தொடங்கி ஓரமாக மேலே நீவிச் செல்ல வேண்டும். ஐந்தாறு முறை இப்படிச் செய்த பிறகு, காதுத் துளைக்கு மேலே, உள்மடிப்புக்கு அடியில் உள்ள சிறு பள்ளத்தில் ஆட்காட்டி விரலின் நுனிச் சதையை வைத்து மெதுவாக வட்டமிட வேண்டும். வேகஸ் கிளை வருவது இந்தப் பள்ளத்தில்தான், ஆகவே இங்கே நகம் படக் கூடாது, அவசரமும் கூடாது. கடைசியாகக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேல் உள்ளங்கையை மேலிருந்து கீழாக நகர்த்தினால் போதும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்; நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும் என்பதால், பாதிப் பலன் அதிலிருந்தே கிடைக்கிறது. எல்லாம் சேர்த்து நான்கைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கத்திரி வெயிலில் மின்விசிறி சுழன்றும் தூக்கம் பிடிக்காத இரவுகளில் நானே இதைச் செய்துகொள்கிறேன்.

இனி அந்தக் கடைசி வரியைப் பற்றி. காதுக் குழிவில் கருவி பொருத்தி, சிறு மின்னோட்டத்தால் வேகஸ் கிளையைத் தூண்டும் முறை வலிப்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் ஆராயப்பட்டு வருவது உண்மை. அது மருத்துவர் மேற்பார்வையில், அளவிட்ட மின்சாரத்தால் செய்யப்படுவது. அதன் முடிவுகளை எடுத்து விரலால் நீவுவதன் மேல் ஏற்றிச் சொல்வது முறையன்று. தலைகீழாகக் கிடக்கும் கருவின் உருவத்தைக் காதில் வரைந்து, இந்தப் புள்ளி கல்லீரல், அந்தப் புள்ளி முழங்கால் என்று காட்டும் படத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பிரான்சின் லியோன் நகர மருத்துவர் பால் நோஜியே 1950-களில் முன்வைத்த அப்படத்தை உடற்கூற்றியல் உறுதிசெய்யவில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒருவரை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கக் கையும் காலும் விழுந்த பிறகுதான் அவரை அழைத்து வந்தார்கள்.

அம்புக்குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காதை நீவுவது என்றதும் நம் வீடுகளில் எண்ணெயைக் காய்ச்சி உள்ளே ஊற்றுவதும், கொண்டை ஊசியால் குடைவதும், குளிப்பாட்டிய குழந்தையின் காதில் வாய் வைத்து ஊதுவதும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போய்ச் சீழ் பிடிக்க வழியாகும். ஓட்டை இருப்பது வெளியே தெரியாது. சலூனில் முடி வெட்டிய பிறகு காதை இழுத்துக் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பதும் இதனுடன் சேர்த்துப் பேசப்படுகிறது. கழுத்தைச் சடாரென்று திருப்பும்போது மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதாக நேர்வதுதான் என்றாலும், நேர்ந்தால் மீள்வது கடினம். தாடைக்குக் கீழே, நாடி துடிக்கும் இடத்தை அழுத்துவதையும் முதியவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு திடீரெனக் குறைந்து மயக்கம் வரலாம். காதில் சீழ், கொப்புளம், புதிதாகக் குத்திய துளை, அண்மையில் செய்த அறுவை ஆகியவை உள்ளவர்கள் மடலையும் நீவ வேண்டாம்.

ஆம்பூர், இராணிப்பேட்டை காலணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன்னால் நாள் முழுதும் குனிந்திருக்கும் பெண்களும், குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களும் தங்கள் உடல்நலப் பகுதியைப் படிக்கிறார்கள். காசும் கருவியும் வேண்டாத இந்த நான்கு நிமிட இளைப்பாறல் அவர்களுக்குச் சரியாகப் போய்ச்சேர வேண்டும் என்பதே என் ஆசை. ஆகவே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பற்றிய வரிக்குத் திருத்தம் வெளியிடுவதோடு, அம்புக்குறி காதுத் துளைக்கு மேலே உள்ள பள்ளத்தில் நின்றுவிடும்படி அப்படத்தைத் திருத்தி மறுபடி அச்சிடுமாறும், ‘உள்ளே எண்ணெய் விட வேண்டாம்’ என்ற சொற்களை அதன் அடியில் பெரிய எழுத்தில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.