வராத பார்சலும் வருகிற பையனும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்த சேதியைக் கடைசி வரியில் ஒளித்துவிட்டு, மற்ற பக்கமெல்லாம் வராத பார்சலைத் திட்டியே நிரப்பியிருக்கிறாயே, நியாயமா? இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விடமாட்டேன் என்கிறது.

சரி, பார்சலுக்கு வருகிறேன். டிராக்கிங்கில் ஒரே கிடங்கின் பெயரையே காட்டுகிறது, அங்கேயே குடியேறிவிட்டதா என்று கேட்டிருந்தாய். யாராவது பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் அதில் புது வரி வரும். ஒரு கிடங்கில் லாரியில் ஏற்றிய பிறகு, அடுத்த கிடங்கில் இறக்கி ஸ்கேன் செய்கிறவரை பழைய இடம்தான் தெரியும். லாரி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். லேபிள் கிழிந்தோ நனைந்தோ போனால் இயந்திரம் படிக்க முடியாமல் ஒதுக்கிவிடும். அப்புறம் ஓர் ஆள் கையில் எடுத்துப் பார்க்கும்வரை அது மூலையில்தான். கடல் கடந்து வருவதென்றால் கேட்கவே வேண்டாம். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியடைத்ததே, நினைவிருக்கிறதா? நூற்றுக்கணக்கான கப்பல்கள் வரிசையில் நின்றன. வழி திறந்த பிறகும் துறைமுகங்களில் நெரிசல் தீர வாரக்கணக்கானது.

இத்தனை கை மாறி வருகிற பொருளில் நம் கண்ணில் படுவது ஒரே ஓர் ஆள், வாசலில் கொண்டுவந்து கொடுக்கிற டெலிவரி பையன். அதனால் எல்லார் மேலும் வரவேண்டிய கோபம் அவன் தலையில் இறங்குகிறது. "வரட்டும், அந்தப் பையனை ஒரு பிடி பிடிக்கிறேன்" என்று எழுதியிருந்தாயே, எனக்கு உறுத்தியது அதுதான். அன்றைக்குக் காலையில் வண்டியில் அடுக்கும்போதுதான் உன் பார்சலையே அவன் முதன்முதலாகப் பார்க்கிறான். வாரக்கணக்கில் தாமதம் என்பதுகூட நீ சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பி இந்த வேலைக்குத்தான் போகிறான். ஒப்படைத்த பார்சலுக்குத்தான் அவனுக்குக் கூலி. வீடு பூட்டியிருந்தாலும், போனை எடுக்காவிட்டாலும், அலைந்தது வீண். மறுநாள் அதே பார்சலை மறுபடி சுமக்க வேண்டும். ஓடிபி கேட்டால், "போன் உள்ளே சார்ஜில் இருக்கு, இரு" என்று போகிறவர்கள் நிதானமாகத் திரும்பி வருவார்களாம். ஒருவர் முகவரியில் "பச்சை கேட் வீடு" என்று எழுதியிருக்கிறார். கேட்டுக்கு எப்போதோ நீலம் அடித்தாயிற்று! தெருவை மேலும் கீழும் சுற்றிக் கண்டுபிடித்துப் போய் நின்றால், ஏன் லேட் என்று திட்டு.

இதற்காக நீ புகாரே செய்யாதே என்று சொல்லவில்லை. தாராளமாகச் செய். காசு வாங்கியது விற்றவர்; கூரியரை அமர்த்தியதும் பெரும்பாலும் அவர்தான். ஆர்டர் எண்ணோடு அவரிடம் எழுத்தில் கேள். கொடுத்துவிட்டதாகக் காட்டியும் கைக்கு வரவில்லையென்றால், முதலில் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் விசாரித்துவிட்டு உடனே தெரிவி. பையன் கேட்டுக்கு மேலே வீசிவிட்டுப் போனால் அவன் மேலேயே புகார் கொடு, அதற்கு நானும் சாட்சிக்கு வருகிறேன். கிடங்கில் தூங்கிய நாட்களுக்கு மட்டும் அவனுக்கு ஒற்றை நட்சத்திரம் போடாதே. பல இடங்களில் அது அவன் பேரில்தான் ஏறும். வந்தால் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேள். வேண்டாம் என்று ஓடத்தான் போகிறான், இருந்தாலும் கேள்.

அப்புறம், உன் முகவரியில் மாடி எண்ணே இல்லை. அதை முதலில் சேர். நாயையும் கட்டிப் போடு. கடிக்காது என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

அன்புடன்,
ரவி